இங்கிலாந்தின் கதிர்க்கொட்டகைகள்: களம் வீடான வரலாறு

இங்கிலாந்தின் கிராமப்புறத்தில் தேவாலயத்துக்கு அடுத்தபடியாக உயர்ந்து நிற்கும் பழைய கட்டடம் பல ஊர்களில் ஒரு கதிர்க்கொட்டகையாகவே இருக்கும். ஆங்கிலேயர் 'பார்ன்' என்று அழைக்கும் இந்தக் கட்டடம், அறுத்த கோதுமையையும் பார்லியையும் கட்டுக்கட்டாக அடுக்கி வைப்பதற்கும், அங்கேயே அடித்துத் தானியம் பிரிப்பதற்கும் எழுப்பப்பட்டது. தமிழ்நாட்டில் தை வெயிலில் திறந்த களத்திலேயே கதிரடித்து, தூற்றி, மூட்டை கட்டி முடித்துவிடலாம். இங்கிலாந்தில் ஆகஸ்டில் அறுவடை. அதன் பின் மாதக்கணக்கில் மழையும் குளிரும். ஆகவே களத்துக்கே கூரை போட வேண்டியிருந்தது.

கட்டடத்தின் அமைப்பு முழுவதும் இந்த ஒரு வேலையிலிருந்து பிறந்தது. தூண்வரிசைகளுக்கு இடைப்பட்ட அங்கணங்களாக நீளவாக்கில் அது பிரிந்திருக்கும். நடு அங்கணம் கதிரடிக்கும் தளம். அதன் இரு பக்கச் சுவர்களிலும் எதிரெதிரே இரண்டு பெரிய கதவுகள். கதிர் ஏற்றிய வண்டி ஒரு கதவு வழியாக நுழைந்து, இருபுறமுள்ள அங்கணங்களில் சுமையை இறக்கிவிட்டு மறு கதவு வழியாக வெளியேறும். குளிர்காலம் முழுவதும் கூலியாட்கள் நடுத்தளத்தில் கதிரைப் பரப்பித் தடியால் அடிப்பார்கள். பிறகு இரு கதவுகளையும் திறந்துவிட்டால் குறுக்கே ஓடும் காற்றில் பதர் பறந்துவிடும். மணி தரையில் விழும். சன்னல்கள் கிடையாது. கதிர் புழுங்காமலிருக்கச் சுவரில் ஒடுங்கிய காற்றுப் பிளவுகள் மட்டும் விட்டிருப்பார்கள். சில இடங்களில் முகட்டுச் சுவரின் உச்சியில் ஒரு சிறு துளை இருக்கும். எலி பிடிக்க ஆந்தை வந்துபோவதற்காகவே அதை விட்டுவைத்தார்கள். உள்ளே தடுப்புச் சுவர் இல்லை, மேல்தளம் இல்லை. தரையிலிருந்து முகடு வரை ஒரே வெளி, அதில் அரையிருள். பின்னாளில் இந்தக் கட்டடங்களுக்கு நேர்ந்த எல்லாச் சிக்கல்களுக்கும் வேர் இங்கேதான் இருக்கிறது.

பெரிய கொட்டகைகளைக் கட்டியவர்கள் மடாலயங்களும் பெரும் நிலவுடைமை நிறுவனங்களும். எசெக்ஸ் மாவட்டத்தின் கிரெசிங் டெம்பிள் பண்ணை 1137இல் டெம்ப்ளர் வீரத்துறவியருக்கு அரசி மட்டில்டாவால் கொடையாக அளிக்கப்பட்டது. அங்குள்ள பார்லிக் கொட்டகையும் கோதுமைக் கொட்டகையும் 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை, இன்றும் நிற்கின்றன. கிரேட் காக்ஸ்வெல் கொட்டகை பியூலி மடத்துச் சிஸ்டர்சியத் துறவிகளுக்காக 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்தது. அதன் நீளம் 152 அடி. லண்டனுக்கு மேற்கே ஹார்மண்ட்ஸ்வொர்த்தில் 1426-27இல் வின்செஸ்டர் கல்லூரி கட்டிய கொட்டகை இவற்றையும் விஞ்சியது. 12 அங்கணம், ஏறக்குறைய 58 மீட்டர் நீளம், முழுவதும் ஓக் மரச்சட்டம். தேவாலயத்துக்குச் செலுத்த வேண்டிய தசமபாகத்தைத் தானியமாகச் சேர்த்து வைத்த கொட்டகைகள் வேறு வகை. 1836ஆம் ஆண்டுச் சட்டம் தானியத் தசமபாகத்தைப் பணமாக மாற்றியபோது அவற்றின் வேலை முடிந்தது. இன்று தசமபாகக் கொட்டகை என்று பெயர் பெற்றிருப்பவற்றில் பல உண்மையில் மடங்களின் சொந்த விளைச்சலை வைத்த பண்ணைக் கொட்டகைகளே.

மற்றக் கொட்டகைகளின் வேலையைப் பறித்தது இயந்திரம். ஸ்காட்லாந்தின் ஆண்ட்ரூ மீக்கிள் 1786இல் கதிரடிக்கும் இயந்திரத்தை உருவாக்கினார். குளிர்காலம் முழுவதும் கூலி தந்த வேலை சில நாட்களில் முடியத் தொடங்கியது. 1830இல் கென்ட் மாவட்டத்தில் பண்ணைத் தொழிலாளர்கள் இயந்திரங்களை உடைத்தார்கள்; 'கேப்டன் ஸ்விங்' என்ற கற்பனைத் தலைவன் பெயரில் மிரட்டல் கடிதங்கள் பறந்தன; கலகம் தென் இங்கிலாந்து முழுவதும் பரவியது. கலகம் ஒடுக்கப்பட்டது, இயந்திரம் நிலைத்தது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் நீராவி எஞ்சினோடு ஊர் ஊராகச் சென்ற கதிரடி இயந்திரம் வெட்டவெளியிலேயே வேலையை முடித்தது. கொட்டகைகள் தீவனக் கிடங்காகவும் மாட்டுத் தொழுவமாகவும் தரம் இறங்கின. ஆயினும் அவை பயன்பாட்டில் இருந்தன என்பதே முக்கியம். கூரை ஒழுகினால் உழவர் உடனே சரிசெய்தார்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அந்தப் பிடிப்பும் தளர்ந்தது. அறுப்பையும் அடிப்பையும் வயலிலேயே ஒருசேர முடிக்கும் இயந்திரம் எங்கும் பரவியது. டிராக்டர்களும் அறுவடை இயந்திரங்களும் பழைய கதவுகளுக்குள் நுழையவில்லை. தூண்களுக்கு இடையே திரும்ப முடியவில்லை. 1957இல் தொடங்கிய பண்ணை மேம்பாட்டுத் திட்டம் புதிய கட்டடங்களுக்கு அரசு மானியம் கொடுத்தது. இரும்புச் சட்டமும் கல்நார்த் தகடும் கொண்ட கொட்டகைகள் பண்ணைதோறும் முளைத்தன. ஓடு போட்ட பெரிய கூரையைப் பழுதுபார்க்கும் செலவு, அதனால் கிடைக்கும் பயனைவிடப் பல மடங்கு ஆயிற்று. சில கொட்டகைகள் தாமாகச் சரிந்தன. சிலவற்றைப் பிரித்துப் பழைய ஓக் மரத்தை விற்றார்கள்.

கொட்டகைக்கு வேறு வேலை தரலாம் என்ற எண்ணம் இதற்கு முன்பே, கலைஞர்களிடமும் நகராட்சிகளிடமும் தோன்றியிருந்தது. கென்ட் மாவட்டத்தின் ஸ்மால்ஹைத்தில் நடிகை எல்லன் டெர்ரி வாழ்ந்த வீட்டருகே கூரை வேய்ந்த பழைய கொட்டகை ஒன்று இருந்தது. அவர் 1928இல் இறந்தபின், மகள் ஈடித் கிரெய்க் 1929இல் அதை நாடக அரங்காக்கினார். 1930களில் டெவன் மாவட்டத்தின் டார்ட்டிங்டனிலும் ஒரு கொட்டகை அரங்கமாக மாறியது. அந்தப் பணியில் ஜெர்மனியை விட்டு வந்திருந்த கட்டடக் கலைஞர் வால்டர் க்ரோப்பியஸுக்குப் பங்கு உண்டு. டார்ட்டிங்டன் பண்ணையை வாங்கி அங்கே கல்வியும் கலையும் வளர்த்த லியனார்டு எல்மர்ஸ்ட், அதற்கு முன் தாகூருடன் ஸ்ரீநிகேதனில் கிராமப் புனரமைப்புப் பணி செய்தவர் என்பது இந்திய வாசகர்கள் நினைவில் கொள்ள வேண்டிய செய்தி. லண்டனை அடுத்த ரைஸ்லிப்பில் 16ஆம் நூற்றாண்டுச் சிறு கொட்டகை 1937இல் பொது நூலகமானது. அரங்கத்துக்கும் நூலகத்துக்கும் அறைகள் தேவையில்லை. உயர்ந்த ஒரே கூடம் போதும். இந்த முன்னோடிகள் அதை உணர்ந்தே செய்தார்களா என்பது வேறு. ஆனால் அவர்கள் தேர்ந்த பயன்கள் கட்டடத்தின் இயல்போடு பொருந்தின. பிறகு வந்த ஆயிரக்கணக்கான மாற்றங்களில் பாதிக்காவது அந்தப் பொருத்தம் இருந்ததாகச் சொல்ல முடியாது.

சட்டப் பாதுகாப்பு மெல்லத்தான் வந்தது. வரலாற்றுக் கட்டடங்களைப் பட்டியலிடும் முறை 1947ஆம் ஆண்டு நகர, ஊரமைப்புச் சட்டத்தால் நிலைபெற்றது. பட்டியலிலுள்ள கட்டடத்தை மாற்ற முன்அனுமதி கட்டாயம் என்பது 1968இல் வந்தது. தொடக்ககாலப் பட்டியல்களில் மாளிகைகளும் தேவாலயங்களுமே முன்னே நின்றன. கொட்டகைகளின் மதிப்பை உணர்த்தியவர்களுள் சிசில் ஹியூவெட் குறிப்பிடத்தக்கவர். எசெக்ஸ் கொட்டகைகளின் மர இணைப்புகளைக் கூர்ந்து ஆராய்ந்து, எந்த வகை இணைப்பு எந்தக் காலத்தது என்று வரிசைப்படுத்தினார். அவருடைய நூல் 1969இல் வெளியானது. அவர் கணித்த சில காலங்களைப் பின்வந்த மரவளைய ஆய்வு திருத்தியது. ஆனாலும், பழைய தொழுவம் என்று ஒதுக்கப்பட்டவை 700 ஆண்டு கண்ட தச்சுக்கலைச் சாதனைகள் என்பதை உலகம் அறியச் செய்ததில் அவருடைய பங்கு பெரிது.

1970களின் பிற்பகுதியிலும் 1980களிலும் கதிர்க்கொட்டகையை வீடாக்கும் அலை எழுந்தது. வீட்டு விலை ஏறியது. கார் வைத்திருந்த நடுத்தர வர்க்கம் கிராமத்தில் குடியேற விரும்பியது. உழவருக்கோ பயனற்ற கட்டடம் பெரும் பணமாகும் வாய்ப்பு. 2006இல் வெளியான ஆய்வின்படி, பட்டியலிலுள்ள பண்ணைக் கட்டடங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அதற்குள் பண்ணை சாராத பயன்பாட்டுக்கு மாறிவிட்டது; பெரும்பாலானவை வீடுகள். இந்த அலை இல்லாவிட்டால் அவற்றுள் பல இன்று மண்மேடாகியிருக்கும். அதை மறுப்பது நேர்மையாகாது.

ஆனால் குடும்பம் கேட்பதும் கொட்டகை கொடுப்பதும் எதிரெதிரானவை. குடும்பத்துக்குப் படுக்கையறைகள் வேண்டும்; ஆகவே ஒரே வெளியாக இருந்த உள்ளிடம் மேல்தளமும் தடுப்பும் போட்டு அறுக்கப்படுகிறது. ஒவ்வோர் அறைக்கும் வெளிச்சம் வேண்டும். மூடிய சுவரில் சன்னல் வரிசை திறக்கப்படுகிறது, இடையறாத ஓட்டுக்கூரையில் கண்ணாடிச் சன்னல்கள் பதிக்கப்படுகின்றன. தலையில் இடிக்கும் குறுக்கு உத்திரம் வெட்டப்படுகிறது. இரு பக்கச் சுவர்களும் வெளியே சாயாமல் கட்டிப் பிடிப்பது அந்த உத்திரம்தான். அதை வெட்டினால் கூரையின் பளு சுவர்களை வெளிப்புறம் தள்ளும். பழைய சுவர் சுண்ணாம்புச் சாந்தால் கட்டப்பட்டு ஈரத்தை உள்வாங்கி வெளிவிடுவது. அதன்மேல் சிமென்ட் பூசினால் ஈரம் சுவருக்குள் சிறைப்பட்டு மரத்தை உளுக்கச் செய்யும். வெளியேயும் மாற்றம் நிகழ்கிறது. புகைபோக்கி, வேலி, புல்தரை, கார் நிறுத்துமிடம், துணி உலர்த்தும் கொடி என்று பண்ணை முற்றம் புறநகர் வீட்டுத்தோட்டத்தின் சாயலைப் பெற்றுவிடுகிறது.

நல்ல மாற்றம் எப்படி இருக்க வேண்டும் என்பது குறித்துக் கட்டடக் கலைஞர்களிடையே இப்போது ஓரளவு உடன்பாடு உண்டு. வரலாற்றுக் கட்டடங்களுக்கான அரசு அமைப்பு 2006இல் ஒரு வழிகாட்டி வெளியிட்டு, பின் 2017இல் புதுப்பித்தது. அதன் சாரம் எளிது. வெளிச்சத்துக்குப் புதிய சன்னல் தேடுமுன், ஏற்கெனவே இருக்கும் பெருங்கதவு வாயிலைக் கண்ணாடியால் நிரப்பலாம். அந்தக் கண்ணாடியைச் சுவரிலிருந்து சற்று உள்ளே தள்ளி வைத்து, பழைய கதவுகளை வெளியே அப்படியே விட்டுவிடலாம். கதிரடித்த நடு அங்கணத்தை முகடு வரை திறந்த கூடமாக விட்டு, படுக்கையறைகளை ஓரங்களில் ஒதுக்கலாம். குளியலறை, சமையலறை போன்றவற்றைச் சுவரைத் தொடாத தனிப் பெட்டியாக உள்ளே நிறுத்தினால், பின்னொரு காலத்தில் அதைப் பெயர்த்து எடுத்தாலும் பழைய சட்டத்துக்குச் சேதம் வராது. சிறு அறைகளைப் பக்கத்துத் தொழுவங்களிலும் வண்டிக் கொட்டில்களிலும் அமைத்துவிட்டுப் பெரிய கொட்டகையைத் தொடாமல் விடுவது எல்லாவற்றிலும் சிறந்தது. பணமும் பொறுமையும் உள்ளவர்களே இவ்வழியில் சென்றார்கள். மற்றவர்கள் எத்தனை படுக்கையறை தேறும் என்றே கணக்குப் போட்டார்கள்.

எல்லாப் பண்ணைக் கட்டடமும் வீடாக மறுப்பதில்லை. கென்ட், சசெக்ஸ் பகுதிகளில் பீர் காய்ச்சப் பயன்படும் ஹாப்ஸ் பூக்களை உலர்த்த 'ஓஸ்ட்' என்னும் சூளைவீடுகள் கட்டினார்கள். கீழே நெருப்பு, மேலே மரச்சட்டங்களின் மீது குதிரைமயிர்த் துணி விரித்துப் பூக்களைப் பரப்புவார்கள். கூம்புக் கூரையின் உச்சியில் காற்றடிக்கும் திசைக்கேற்பச் சுழலும் வெள்ளை மரக்குல்லாய் ஆவியை வெளியேற்றும். வட்டமாகக் கட்டினால் வெப்பம் சீராகப் பரவும் என்று 19ஆம் நூற்றாண்டில் நம்பினார்கள். சதுரச் சூளையும் அதே வேலையைச் செய்யும் என்று தெரிந்தபின் சதுரமாகவே கட்டினார்கள். ஹாப்ஸ் சாகுபடி 1878இல் 70,000 ஏக்கரைக் கடந்து உச்சம் தொட்டு, பிறகு இறங்கியது. உலர்த்தும் முறையும் மாறியபோது ஓஸ்டுகள் வெறுமையாயின. இவற்றில் ஏற்கெனவே தளங்களும் படிகளும் இருந்தன. சூளையின் ஒவ்வோர் அடுக்கும் ஓர் அறையாகும் அளவு கொண்டது. எனவே வீடான பின்னும் இவை பெரிதும் உருக்குலையவில்லை. கென்ட் நிலப்பரப்பின் அடையாளமான கூம்புக் கூரைகள் இன்றும் தெரிவதற்கு அவற்றில் குடியிருப்போரே காரணம்.

வடக்கே யார்க்‌ஷைர் டேல்ஸ் மலைப்பள்ளத்தாக்குகளில் சிக்கல் வேறு. அங்கே புல்வெளிக்கு ஒன்றாக ஆயிரக்கணக்கான கல்தொழுவங்கள் தனித்தனியே நிற்கின்றன. கீழே நாலைந்து மாடுகள். மேலே அதே வெளியில் அறுத்த உலர்புல். குளிர்காலச் சாணம் வசந்தத்தில் அதே வெளிக்கு எருவாகும். பெரும்பாலானவை 18, 19ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. கட்டடம் சிறியது, ஆனால் அது நிற்கும் இடமே அதன் மதிப்பு. அதை வீடாக்கினால் பாதை, மின்கம்பம், கழிவுநீர்த் தொட்டி, இரவில் எரியும் விளக்கு எல்லாம் ஆளரவமற்ற வெளிக்குள் வரும். தேசியப் பூங்கா நிர்வாகம் நெடுங்காலம் அனுமதி மறுத்துவந்தது. கூரை சரிந்த தொழுவங்கள் பெருகியதும், ஊரில் இளைஞர்களுக்கு வீடு கிடைக்காததும் அழுத்தம் தந்தன. 2016இல் ஏற்கப்பட்ட திட்டம் சாலையோரத்தில் உள்ளவற்றை மட்டும் மாற்ற வழிவிட்டது. தொலைவில் நிற்பவற்றைத் தொடாமல் வைத்த இந்த எல்லைக்கோடு நியாயமானது. நடைப்பயணிகள் படுத்தெழ மட்டும் இடந்தரும் எளிய கொட்டகைத் தங்குமிடங்கள் வேறு சில மலைப்பகுதிகளில் 1970களின் இறுதியிலிருந்து உண்டு. கட்டடத்துக்கு மிகக் குறைந்த காயம் விளைவிக்கும் பயன் அதுவே.

மனிதர் கைவிட்ட கொட்டகையில் குடியிருந்த உயிர்கள் வேறு. கூகை ஆந்தைக்கு ஆங்கிலத்தில் கொட்டகையின் பெயரே வழங்குகிறது. வௌவால்கள் உத்திர இடுக்குகளில் தங்கும். 1981ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் இரண்டையும் காக்கிறது. ஆகவே அவை இருக்கின்றனவா என்ற ஆய்வு, குஞ்சு பொரிக்கும் பருவத்தில் கட்டட வேலையை நிறுத்திவைத்தல், கூரைக்கடியில் மாற்று இடம் ஆகியவை திட்டத்தின் பகுதியாயின. வீட்டுக்காரர் சலித்துக்கொண்டாலும் தவிர்க்கக்கூடாத செலவு இது.

பெருங்கொட்டகைகளைக் காத்தது பொதுப்பணம்தான். காகெஷால் ஊரில் சிஸ்டர்சியத் துறவிகளின் 13ஆம் நூற்றாண்டுக் கொட்டகை 1970களில் இடிந்து விழும் நிலையில் இருந்தது. ஊர்மக்கள் போராடினார்கள், 1982இல் மாவட்ட மன்றம் அதைக் கட்டாயக் கையகப்படுத்தலில் எடுத்துச் சீரமைக்க வழிசெய்தது, 1989இல் பாரம்பரிய இடங்களைக் காக்கும் நேஷனல் டிரஸ்ட் அறக்கட்டளையிடம் சேர்ந்தது. கிரெசிங் டெம்பிளை எசெக்ஸ் மாவட்ட மன்றம் 1987இல் வாங்கியது. இப்போது அங்கே திருமணங்களும் கண்காட்சிகளும் நடக்கின்றன. நூற்றுக்கணக்கானோர் கூடும் பந்தி, கதிர் அடுக்கிய கூடத்தில் ஒரு தூணையும் நகர்த்தாமல் நடந்துவிடுகிறது. ஹார்மண்ட்ஸ்வொர்த் கதை கசப்பானது. கவிஞர் ஜான் பெட்ஜமன் மிடில்செக்ஸின் பேராலயம் என்று போற்றிய அந்தக் கொட்டகை ஹீத்ரோ விமான நிலையத்தின் அருகே நிற்கிறது. 2006இல் ஒரு பவுண்டுக்கு ஜிப்ரால்டரில் பதிவான நிறுவனம் ஒன்றிடம் சென்று, பராமரிப்பின்றிச் சீர்குலைந்தது. 2011இல் வரலாற்றுக் கட்டடங்களுக்கான அன்றைய அரசு அமைப்பான இங்கிலீஷ் ஹெரிடேஜ் 20,000 பவுண்டுக்கு வாங்கிப் பழுதுபார்த்து, 2015இல் மக்கள் பார்வைக்குத் திறந்தது.

சாதாரணக் கொட்டகைகளின் எதிர்காலத்தை மாற்றிய முடிவு 2014இல் வந்தது. வீட்டுப் பற்றாக்குறையைத் தணிக்க, பண்ணைக் கட்டடத்தை முழு அனுமதி நடைமுறையின்றி வீடாக்கும் உரிமையை இங்கிலாந்து அரசு வழங்கியது. 'கிளாஸ் க்யூ' என்பது அதன் சட்டப்பெயர். முதலில் ஒரு பண்ணைக்கு 3 வீடு, 2018இல் 5, 2024இல் 10 என்று உச்சவரம்பு உயர்ந்தது. பட்டியலிட்ட கட்டடங்களுக்கும் தேசியப் பூங்காக்களுக்கும் இது பொருந்தாது. மூன்று பக்கமும் திறந்த இரும்புக் கொட்டகையைச் சுற்றிச் சுவர் எழுப்பி வீடாக்க முயன்ற வழக்கில், அது மாற்றமன்று, புதுக்கட்டடமே என்று 2016இல் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு ஓர் அளவுகோலைத் தந்தது: பழைய சட்டம் தன் பலத்திலேயே நின்று வீடாக வேண்டும்.

ஆனால் இந்த விதியின் கீழ் அதிகாரிகள் பார்ப்பவை போக்குவரத்து, ஒலி, வெள்ள அபாயம், வெளித்தோற்றம், வெளிச்சம் போன்றவை. உள்ளே எந்தக் காலத்து உத்திரம் இருக்கிறது என்பது அந்தப் பட்டியலில் இல்லை. பட்டியலிட்ட கொட்டகையை மாற்றுமுன் அளந்து வரைந்து ஆவணப்படுத்தும்படி நிபந்தனை விதிப்பது வழக்கம். பட்டியலில் சேராத எளிய கொட்டகைகளே எண்ணிக்கையில் மிகுதி, அவற்றுக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. மேல்தளம் போடுமுன் ஒரு வரைபடமும் சில புகைப்படங்களும் எடுத்து மாவட்ட ஆவணக்காப்பகத்தில் சேர்க்கும் விதியையாவது கிளாஸ் க்யூவில் சேர்க்க வேண்டும். அதற்கு ஆகும் செலவு, புதிய வீட்டின் ஒரு கண்ணாடிக் கதவுக்கு ஆகும் செலவைத் தாண்டாது.